அந்நியர் என்று ஒதுக்கினால் எங்கே போவது, என்ன கொண்டு போவது: தோட்டப்புறத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பெர்மிட்டில் வந்து, பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் சுற்றுவட்டாரத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களிலும் டவுன் உணவகங்களிலும் வேலை பார்ப்பவர்களுக்காக எழுதியது இது. தீபகற்ப மலேசியாவின் எந்தத் தோட்டப்புற ஊருக்கும் இதே சட்டம்தான். அலுவலகம் இருக்கும் ஊர் மட்டும் மாறும். சபா, சரவாக்கில் தொழிலாளர் சட்டம் தனி என்பதால், அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டவர் என்ற காரணத்துக்காக ஒருவரை ஒதுக்குவதை மொத்தமாகத் தடை செய்யும் தனிச் சட்டம் மலேசியாவில் இல்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 8(1) பிரிவு, சட்டத்தின் முன் எல்லா மனிதரும் சமம் என்கிறது. அதில் நீங்களும் அடக்கம். ஆனால் இனம், மதம், பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்று சொல்லும் 8(2) பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே. ஆகவே, "என்னை வெளிநாட்டுக்காரன் என்று கேவலமாக நடத்துகிறார்கள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு அலுவலக முகப்பில் (கவுண்டரில்) நின்றால், எந்தப் பிரிவில் எழுதிக்கொள்வது என்று அதிகாரிக்கே தெரியாது. உங்களை வஞ்சித்த விதத்தைச் சம்பளம், பிடித்தம், கடப்பிதழ் (பாஸ்போர்ட்), தங்குமிடம், அடிதடி, வேலைநீக்கம் என்று பிரித்துச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு உண்டு, ஒரு அலுவலகம் உண்டு.

1. புகாருக்கு முன் பெர்மிட் தேதியைப் பாருங்கள்

உங்கள் வேலை பெர்மிட்டில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: முடியும் தேதி, முதலாளியின் பெயர், துறை. தோட்டத் துறை பெர்மிட்டில் வந்தவர் ஞாயிற்றுக்கிழமை உணவகத்தில் கோப்பை கழுவினாலும் அது பெர்மிட் நிபந்தனையை மீறுவதுதான். குடிநுழைவு (இமிகிரேஷன்) விதிமுறை 39(b)இன்படி 1,000 ரிங்கிட் வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். நீங்கள் புகார் செய்ததும் எதிர்த்தரப்பு முதலில் தோண்டுவது இதைத்தான்.

பெர்மிட் உயிரோடு இருக்கும்போதே புகாரைப் பதிந்துவிட வேண்டும். தேதி முடிந்து ஒரு நாள் ஆனாலும் நீங்கள் கூடுதலாகத் தங்கியவர் கணக்கில் வந்துவிடுவீர்கள். குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் அதற்கு 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்புதான். ஆனாலும் பிடிபடுவது நீங்கள். எனவே முடியும் தேதிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கிராணிக்கோ (தோட்ட எழுத்தருக்கோ) முதலாளிக்கோ எழுதிக் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்த உரையாடலை அழிக்காதீர்கள்.

ஏற்கெனவே பெர்மிட் முடிந்துவிட்டதா? தனியாக எந்த அரசாங்க முகப்புக்கும் போகாதீர்கள். முதலில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ, தெனாகனிதா போன்ற தொழிலாளர் உரிமை அமைப்பையோ, உங்கள் நாட்டுத் தூதரகத்தையோ தொடர்புகொண்டு அவர்கள் வழியாகப் போங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கோபத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். நீங்கள் போன மறுநாளே, ஆள் ஓடிவிட்டார் என்று முதலாளி குடிநுழைவுத் துறையில் எழுதிக் கொடுத்துவிடலாம். அடி விழுகிறது, உயிருக்கு ஆபத்து என்றால் வெளியேறத்தான் வேண்டும். அப்படி வெளியேறினால் அன்றைக்கே போலீஸ் புகாரும் ஆள்பல இலாகாப் (தொழிலாளர் துறை, லேபர் ஆபீஸ்) புகாரும் பதிந்துவிடுங்கள். நீங்கள் ஏன் போனீர்கள் என்பது முதலில் உங்கள் வாயிலிருந்து பதிவாக வேண்டும்.

2. காகிதம் சேர்ப்பது

புகார் செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்கும்போதே சேர்க்க ஆரம்பியுங்கள். முடிவெடுத்த பிறகு ஆபீஸில் போய்க் கேட்டால் எதுவும் கிடைக்காது.

கடப்பிதழின் முகப்புப் பக்கம், பெர்மிட் பக்கம், நாட்டுக்குள் நுழைந்த முத்திரை ஆகியவற்றைப் படம் எடுத்து வையுங்கள். வேலை ஒப்பந்தம் வேண்டும். ஊரில் ஏஜென்ட் கொடுத்தது ஒன்றும் இங்கே கையெழுத்து வாங்கியது ஒன்றும் இருந்தால் இரண்டையும் வையுங்கள், இரண்டிலும் சம்பளம் வேறாக இருப்பதே ஒரு சாட்சி. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், பிடித்தம் பற்றிய துண்டுச் சீட்டு எதையும் தூக்கி எறியாதீர்கள். சம்பளச் சீட்டு தர வேண்டியது முதலாளியின் சட்டக் கடமை. தராவிட்டால் அதுவே தனிக் குறை.

எல்லாவற்றையும்விட வலுவானது, நீங்களே எழுதி வைக்கும் நோட்டு. ஒவ்வொரு நாளும் தேதி, பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்ற நேரம், வேலை விட்ட நேரம், எந்த பிளாக், எத்தனை குலை, எத்தனை மூட்டை உதிரிப் பழம், அன்றைக்கு மண்டோர் (மேற்பார்வையாளர்) யார் என்று ஒரே வரியில் எழுதுங்கள். அன்றன்றே எழுதியிருக்க வேண்டும். ஆறு மாதக் கணக்கை ஒரே பேனாவில் ஒரே இரவில் எழுதினால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். குலை எண்ணிக்கையை மண்டோர் குறிக்கும் சீட்டைத் தினமும் கைப்பேசியில் படம் எடுப்பது இன்னும் நல்லது. செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) பின்னால் எண்ணை மாற்றினாலும் உங்கள் படம் மாறாது.

படங்களைக் கைப்பேசியில் மட்டும் வைக்காதீர்கள். ஊரில் இருக்கும் உறவினருக்கும் அனுப்பிவிடுங்கள். அசல் தாள்களை லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) வைக்காமல் வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

வெள்ளைத்தாளிலோ, படித்துப் புரியாத மலாய்க் கடிதத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். வேலையை விட்டு விலகும் கடிதமும், "பாக்கி எதுவும் இல்லை" என்ற கடிதமும் இப்படித்தான் கையெழுத்தாகின்றன. தவிர்க்கவே முடியாத நிலை வந்தால் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியோடு, "படித்துக் காட்டவில்லை" என்று தமிழில் எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. சம்பளக் கணக்கை நீங்களே போடுங்கள்

பாகுபாடு பளிச்சென்று தெரியும் இடம் சம்பளச் சீட்டுதான். உள்ளூர்க்காரருக்கும் உங்களுக்கும் குறைந்தபட்ச சம்பளம் ஒன்றே. 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கும் முதலாளிக்கு 2025 ஆகஸ்ட் 1 முதல் அதே தொகை. வீட்டு வேலையில் இருப்பவர்கள் மட்டும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

"நீ டன் கணக்கில் வெட்டுகிறாய், உனக்குக் குறைந்தபட்சம் கிடையாது" என்று சொன்னால் நம்பாதீர்கள். டன், குலை, டிரிப் கணக்கில் கூலி வாங்குபவருக்கும் மாதச் சம்பளம் 1,700க்குக் குறையக் கூடாது.

ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். மாதம் முழுக்க 26 நாள் வேலை. குலைக் கூலி 1,420. அதில் லெவி (வெளிநாட்டுத் தொழிலாளருக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் வரி) 120, தங்குமிடம் 150, தண்ணீர்–மின்சாரம் 60, கத்தியும் பூட்ஸும் 45 என்று கழித்து, கையில் 1,045 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் என்னென்ன தவறு?

முதலில், 1,420 என்பதே 280 குறைவு.

அடுத்தது லெவி. 2018 ஜனவரி 1 முதல் லெவியைக் கட்ட வேண்டியவர் முதலாளி. உங்கள் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. "பெர்மிட் காசு" என்று பெயரை மாற்றி எழுதினாலும் அதே கதைதான்.

தங்குமிடத்துக்கு மாதம் 100 ரிங்கிட்டுக்கு மேல் பிடிக்க முடியாது. அதையும் ஆள்பல இலாகாவின் அனுமதி இல்லாமல் பிடிக்க முடியாது. அந்தத் தங்குமிடத்துக்கு இலாகாவின் சான்றிதழும் இருக்க வேண்டும். தண்ணீர், மின்சாரம் போன்றவற்றுக்கும் நீங்கள் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும் அல்லது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், இலாகா அனுமதியும் வேண்டும். கத்தி, பூட்ஸ் பிடித்தத்துக்கு எந்த அனுமதியில் பிடித்தீர்கள் என்று கேளுங்கள். 1955 வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் இல்லாத பிடித்தம் எதுவும் செல்லாது. பெரும்பாலான பிடித்தங்களை எல்லாம் கூட்டினாலும் அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

கூடுதல் நேரத்துக்கான கணக்கு எளிது. 1,700ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாள் 65.38. எட்டு மணி நேர வேலை என்றால் ஒரு மணிக்கு 8.17. கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு ஏறக்குறைய 12.26. வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம். உணவகங்களில் தினமும் 12 மணி நேரம் நிற்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மாதம் எவ்வளவு போகிறது என்று தெரியும்.

சம்பள மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்திருக்க வேண்டும். 2025 அக்டோபர் சம்பளம் முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கட்டாயம். முதலாளி 2 விழுக்காடு, நீங்கள் 2 விழுக்காடு. சீட்டில் கழித்திருக்கிறார்கள், கணக்கில் ஏறவில்லை என்றால் இபிஎஃப் அலுவலகத்திலும் புகார் செய்யலாம்.

கடைசியாக ஒப்பீடு. பக்கத்தில் அதே வேலை செய்யும் உள்ளூர்க்காரருக்குப் பொது விடுமுறைக் கூலி, மருத்துவ விடுப்பு, ஆண்டு விடுப்பு உண்டு, உங்களுக்கு இல்லை என்றால், வேலைச் சட்டத்தின் 60L பிரிவு இதற்காகவே இருக்கிறது. உள்ளூர்த் தொழிலாளியோடு ஒப்பிட்டு வேலை நிபந்தனையில் தனக்குப் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று வெளிநாட்டுத் தொழிலாளி இலாகாத் தலைமை இயக்குநரிடம் முறையிடலாம். 2023 ஜனவரி 1 முதல் 69F பிரிவும் சேர்ந்திருக்கிறது. வேலையிடப் பாகுபாடு பற்றிய எந்தத் தகராறையும் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். உத்தரவை மதிக்காத முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம், தொடர்ந்து மதிக்காவிட்டால் நாளொன்றுக்கு 1,000 வரை. ஆனால் இந்தப் பிரிவு ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்குத்தான். வேலை கேட்டுப் போன இடத்தில் "வங்கதேச ஆள்தான் வேண்டும்" என்று திருப்பி அனுப்பினால் இது உதவாது.

4. கடப்பிதழ் யார் கையில்?

உங்கள் கடப்பிதழை முதலாளி பூட்டி வைத்துக்கொள்வது குற்றம். 1966 கடப்பிதழ்ச் சட்டத்தின் 12(1)(f) பிரிவில் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். "பத்திரமாக இருக்கட்டும் என்றுதான்" என்பார்கள். நீங்களே விரும்பிக் கொடுத்திருந்தாலும், கேட்டவுடன் திருப்பித் தர வேண்டும்.

வாயால் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். தேதி போட்டுப் புலனத்தில் கேளுங்கள். மூன்று நான்கு நாளில் பதில் இல்லை என்றால் இன்னொரு முறை. பிறகு அந்த இரண்டு செய்திகளையும் காட்டிப் புகார் செய்யுங்கள். "இது முதலாளி–தொழிலாளி விவகாரம், லேபர் ஆபீஸுக்குப் போ" என்று காவல் நிலையத்தில் அனுப்பப் பார்த்தால், சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் எழுதிய தாளை நீட்டுங்கள். மலாயில் "அக்தா பாஸ்போர்ட் 1966, செக்ஷன் 12" என்று சொன்னால் போதும்.

கடப்பிதழும் இல்லை, சம்பளமும் நிறுத்தம், வெளியே போகவும் விடுவதில்லை, மிரட்டலும் உண்டு என்றால் அது கட்டாய உழைப்பு. வேலைச் சட்டத்தின் 90B பிரிவில் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ உண்டு. நிலைமையைப் பொறுத்து 2007ஆம் ஆண்டின் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்திலும் வரும். புகாரில் இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் சின்னக் குறைகளாகத் தெரிபவை, சேர்ந்து நிற்கும்போதுதான் அதிகாரி எழுந்து உட்காருவார்.

5. ஆள்பல இலாகாவில் என்ன நடக்கும்

சம்பளம், பிடித்தம், தங்குமிடம், பாகுபாடு எல்லாவற்றுக்கும் வாசல் இதுதான். மலாயில் "பெஜாபாட் தெனாகா கெர்ஜா". கட்டணம் எதுவும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நேரில் போகலாம், மனிதவள அமைச்சின் "வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்" செயலியிலும் பதியலாம். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வர வண்டி இல்லாதவர்களுக்குச் செயலி வசதிதான். ஆனாலும் கணக்கு வழக்கு உள்ள புகாருக்கு நேரில் போவதையே பரிந்துரைப்பேன். படங்களை அதிகாரியே பார்த்து, எது குறைகிறது என்று அங்கேயே சொல்லிவிடுவார்.

வார நாளில் காலை எட்டரைக்குள் போய்விடுங்கள். வேலை நாளில் சொல்லாமல் கொள்ளாமல் போனால் "வேலைக்கு வரவில்லை" என்று எழுதுவார்கள் என்பதால், முதல் நாளே விடுப்புக் கேட்டுச் செய்தி அனுப்பிவிடுங்கள். மலாய் எழுதத் தெரிந்த உள்ளூர்த் தமிழர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். முகப்பில் தமிழ் பேசுபவர் இருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அரைப்பக்கத்தில் மலாயில் மூன்று விஷயம் மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும்: யார் முதலாளி, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எவ்வளவு தொகை. ஏன் வந்தேன், எப்படி ஏமாந்தேன் என்ற நீண்ட கதை விசாரணையின்போது வரட்டும்.

தொகை தெளிவாக இருக்க வேண்டும். "சம்பளம் குறைவாகத் தருகிறார்கள்" என்பதைவிட, "ஜனவரி முதல் ஜூன் வரை குறைந்தபட்ச சம்பளப் பாக்கி 1,680, லெவிப் பிடித்தம் 720, ஆக மொத்தம் 2,400" என்பது வேலை செய்யும். புகார் எண்ணும் அதிகாரியின் பெயரும் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

அதிகாரி முதலில் முதலாளியைக் கூப்பிட்டுப் பேசுவார். பல புகார்கள் இங்கேயே பணம் வாங்கி முடிந்துவிடும். முடியாவிட்டால் வேலைச் சட்டத்தின் 69ஆம் பிரிவின் கீழ் விசாரணை நடக்கும், அதைத்தான் லேபர் கோர்ட் என்கிறார்கள். முதலாளி தரப்பும் நீங்களும் சத்தியப் பிரமாணத்தில் பேச வேண்டும். உத்தரவு வந்தும் பணம் தராவிட்டால் அதைச் செஷன்ஸ் நீதிமன்றம் வழியாக நிறைவேற்றலாம். மொத்தமாகச் சில மாதங்கள் பிடிக்கும், முதலாளி தள்ளி வாங்கினால் இன்னும் நீளும்.

ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஒப்பந்தக்காரர் சம்பளம் தராமல் மறைந்துவிட்டால், அதே சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி தோட்ட நிர்வாகத்திடமே கேட்கலாம். ஆனால் தொடர்ந்தாற்போல் மூன்று மாதச் சம்பளம் வரைதான். சம்பளம் கிடைக்க வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும், அல்லது ஆள்பல இலாகாவில் புகார் செய்தாக வேண்டும். "அடுத்த மாதம் தருகிறேன்" என்று ஒப்பந்தக்காரர் இழுப்பதில் இந்த 90 நாள் போய்விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உங்கள் தோட்டத்தில் இருந்தால் சேர்ந்துவிடுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளரும் உறுப்பினர் ஆகலாம். வேலைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, சங்கத்தில் சேரக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுத முடியாது. தனியாகப் போய் நிற்பதற்கும் கிளைச் செயலாளரோடு போய் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை முதல் நாளே பார்ப்பீர்கள்.

முதலாளி தமிழர், நம் ஆள், நம் சாதிசனம் என்று பல உணவகங்களில் புகாரை விழுங்கிவிடுகிறார்கள். சட்டம் முதலாளியின் மொழியைப் பார்ப்பதில்லை. நீங்களும் பார்க்க வேண்டாம்.

6. அடி, மிரட்டல், வசவு

போலீஸ் புகாருக்குக் கட்டணம் கிடையாது. எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். "சாயா நாக் பூவாட் ரிப்போர்ட்" (நான் புகார் கொடுக்க வேண்டும்) என்று தொடங்குங்கள். நீங்கள் சொல்வதை அங்கிருக்கும் போலீஸ்காரர் மலாயில் தட்டச்சு செய்வார். கையெழுத்துக்கு முன் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தேதி, நேரம், இடம், யார், எதனால் அடித்தார் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும்.

அடி விழுந்திருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். "எப்படி ஆனது?" என்று கேட்கும்போது பயந்து "விழுந்துவிட்டேன்" என்று சொன்னால் அதுதான் பதிவாகும், பிறகு மாற்ற முடியாது. வெளிநாட்டவருக்கு மருத்துவமனைக் கட்டணம் உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் கையில் பணத்தோடு போங்கள், ரசீதை வையுங்கள்.

குற்றவியல் சட்டத்தில் காயம் விளைவிப்பது 323ஆம் பிரிவு. மிரட்டல் 506. சண்டைக்கு இழுக்கும் நோக்கத்தில் அவமதிப்பது 504. நாட்டைச் சொல்லி, இனத்தைச் சொல்லித் திட்டிக்கொண்டே இருப்பவருக்கு 2025 ஜூலை 11 முதல் நடப்பில் இருக்கும் 507B பிரிவும் பொருந்தலாம். மிரட்டும், பழிக்கும், அவமதிக்கும் சொற்களால் ஒருவரை வேண்டுமென்றே அலைக்கழித்தால் 3 ஆண்டு வரை சிறை உண்டு. சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். "கெட்ட வார்த்தை பேசினார்" என்பது சாட்சி ஆகாது.

நான்கு வாரம் கழித்தும் சத்தம் இல்லையா? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107A பிரிவைச் சொல்லி, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். போலீஸோ அரசு அதிகாரியோ தவறாக நடந்துகொண்டால் சுஹாகாமில் (மலேசிய மனித உரிமை ஆணையத்தில்) இலவசமாக முறையிடலாம்.

உங்களைப் பிடித்துக்கொண்டு போனால்: காரணத்தைக் கேட்கவும், உறவினருக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. பொதுவாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட வெளிநாட்டவருக்கு மட்டும் அது 14 நாள். இந்த இடைவெளியில் ஆள் எங்கே என்று தெரியாமல் வீட்டார் தவிப்பார்கள். அதனால் தூதரக எண்ணையும் ஒரு நண்பரின் எண்ணையும் மனப்பாடமாக வைத்திருங்கள், கைப்பேசியை வாங்கிவிடுவார்கள். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். புரியாமல் தலையாட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பெண்களுக்கு: பாலியல் தொல்லை பற்றி முதலாளியிடம் கொடுக்கும் புகாரை அவர் விசாரித்தே ஆக வேண்டும். பாலியல் தொல்லைத் தடுப்புத் தீர்ப்பாயமும் 2024 மார்ச் முதல் இயங்குகிறது, 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

7. வேலையை விட்டு நீக்கினால்

நீக்கிய நாளிலிருந்து 60 நாள். இதை மறக்கவே கூடாது. 1967 தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவில், தொழிலியல் உறவுத் துறையில் மனுக் கொடுக்க வேண்டும். பேராக்கில் இருப்பவர்கள் ஈப்போ போக வேண்டும். 61ஆவது நாள் போனால் நியாயம் எவ்வளவு இருந்தாலும் வாங்கமாட்டார்கள். கட்டணம் இல்லை. மனுவில் "மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டும்" என்று கேளுங்கள், பணம் மட்டும் கேட்டால் அந்தப் பிரிவில் அடங்காது. நீக்கியது நியாயமா என்ற கேள்வி இங்கே, சம்பளப் பாக்கி ஆள்பல இலாகாவில்.

உண்மையான சிக்கல் பெர்மிட். முதலாளி அதை ரத்து செய்ததும் நாட்டில் தங்க உங்களுக்கு உரிமை போய்விடுகிறது, வழக்கு மட்டும் நிற்கிறது. அப்போது குடிநுழைவுத் துறையில் சிறப்பு பாஸ் கேட்க வேண்டும். வழக்கு நடக்கிறது என்று ஆள்பல இலாகா அல்லது தொழிலியல் உறவுத் துறை தரும் கடிதம், கடப்பிதழ், தங்குமிட முகவரி ஆகியவற்றோடு போங்கள். ஒரு மாதத்துக்கு 100 ரிங்கிட். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. அந்தப் பாஸில் வேலை செய்ய முடியாது.

ஆறு மாதம் வழக்கு நடந்தால் பாஸுக்கு மட்டும் 600, அதோடு சாப்பாடு, வாடகை, ஈப்போவுக்குப் பஸ் செலவு, வருமானமும் கிடையாது. முதலாளிக்கும் இந்தக் கணக்கு தெரியும், நீங்கள் களைத்துப்போகும்வரை தள்ளுவார். ஆகவே முதல் சமரசப் பேச்சுக்குப் போகும் முன்பே, எவ்வளவுக்குக் கீழே இறங்கமாட்டேன் என்ற தொகையை முடிவு செய்துகொள்ளுங்கள். சமரசப் பணத்தை அதிகாரி முன்னிலையில் வங்கிக் கணக்கில் பெறுங்கள். விமான நிலையத்தில் தருகிறேன் என்ற வாக்கை ஏற்காதீர்கள்.

8. விபத்து நடந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுபவர்களுக்கு

2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலையிட விபத்துத் திட்டத்தில் இருக்கிறார்கள். சந்தா முதலாளியுடையது. குலை விழுந்தாலும், கத்தி பட்டாலும் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். முதலாளி தெரிவிக்கவில்லை என்றால் மருத்துவச் சான்றிதழோடு நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். ஆஸ்பத்திரியில் "வீட்டில் நடந்தது" என்று சொல்லச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் இந்த உரிமை முழுவதும் போய்விடும்.

9. வாடகை வீடு

"வெளிநாட்டவருக்கு இல்லை" என்று பலகை மாட்டும் வீட்டுக்காரரைத் தடுக்கச் சட்டம் இல்லை. சட்டவிரோதமாகத் தங்கியவருக்கு வீடு விட்டால் தலைக்கு 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம் வரும் என்ற பயமும் பலருக்கு உண்டு. எனவே வீடு கேட்கப் போகும்போதே பெர்மிட் நகலையும் சம்பளச் சீட்டையும் கொண்டு போங்கள், பாதிப் பேர் மனம் மாறுவார்கள். கிடைத்தால் ஒப்பந்தத்தை 30 நாளுக்குள் முத்திரையிடுங்கள். மாத வாடகை 600, ஓராண்டு ஒப்பந்தம் என்றால் முத்திரைத் தீர்வை 29 ரிங்கிட்தான். முத்திரை இல்லாவிட்டால் முன்பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட அந்தத் தாள் உதவாது.

10. எவற்றில் நேரத்தை வீணாக்க வேண்டாம்

சில வேறுபாடுகளைச் சட்டமே அனுமதிக்கிறது. அரசு மருத்துவமனைக் கூடுதல் கட்டணம் அப்படிப்பட்டது. ஆள் குறைப்பு வந்தால் ஒரே வேலையில் இருப்பவர்களில் வெளிநாட்டவரை முதலில் நிறுத்த வேண்டும் என்று வேலைச் சட்டத்தின் 60N பிரிவே சொல்கிறது. பெர்மிட்டில் ஒரே முதலாளியோடு கட்டிப்போடுவதும் சட்டப்படியானதுதான். இவற்றைப் பாகுபாடு என்று புகாரில் சேர்த்தால் மற்ற நியாயமான குறைகளும் எடுபடாமல் போகும். ஆனால் 60N பிரிவில் நிறுத்தினாலும் நோட்டீஸ், சம்பளப் பாக்கி, எடுக்காத விடுப்புக்குப் பணம் எல்லாம் தந்துதான் அனுப்ப வேண்டும்.

11. ஊர் திரும்பும் முன்

புகார் எண், வழக்கு எண், அதிகாரியின் பெயர் எழுதிய தாளை நகல் எடுத்து இங்கே ஒருவரிடம் விட்டுவிட்டுப் போங்கள். மலேசிய வங்கிக் கணக்கைப் பணம் வந்து சேரும்வரை மூடாதீர்கள். இபிஎஃப் பணத்தை, வேலை பெர்மிட் முடிந்து நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகிறேன் என்று விண்ணப்பித்து எடுக்கலாம். விமானச் சீட்டு வாங்கும் முன்பே அதற்கான தாள்களை இபிஎஃப் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஏஜென்டின் மேலுள்ள புகாரை இங்கிருக்கும்போதே இந்திய அரசின் "மதத்" (MADAD) என்ற குறைதீர்ப்பு இணையதளத்தில் பதியலாம். சட்டப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. அதற்கு மேல் கொடுத்த பணத்துக்கு வங்கிப் பரிமாற்றச் சான்றோ, பணம் கேட்டு வந்த புலனச் செய்தியோ இருந்தால் அதையும் சேர்த்து ஏற்றுங்கள்.